இரண்டரை டம்ளர் ஈ

எங்கள் மாட்டுக் கொட்டகையில் ஆளுக்கொரு வேலை உண்டு. அப்பா பால் கறப்பார். அம்மா தீவனம் கலப்பார், கன்றுகளைக் கவனிப்பார், அப்பா எதையாவது மறந்தால் அதையும் கவனிப்பார். நான் ஈ வைத்த புள்ளிகளை எண்ணுவேன்.

சிரிக்க வேண்டாம். அது எல்லோராலும் முடிகிற வேலை இல்லை.

கன்றுகள் நிற்கும் பக்கத்துத் தூணில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளை அட்டையை மாட்டி வைப்போம். ஈக்கள் அதில் வந்து உட்காரும். உட்கார்ந்த ஈ சும்மா போகாது; கறுப்பாக ஒரு புள்ளி வைத்துவிட்டுத்தான் போகும். ஒரு வாரம் ஆனதும் அட்டையை எடுத்து, பென்சிலால் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டமாகப் புள்ளிகளை எண்ண வேண்டும். நூறுக்குள் இருந்தால் பரவாயில்லை. நூறைத் தாண்டினால் கொட்டகையில் ஈ பெருத்துவிட்டது என்று அர்த்தம். மாட்டு டாக்டரம்மா எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த வழி இது.

அப்பா எண்ணினால் முப்பதில் கொட்டாவி வரும். அம்மா எண்ணினால் ஐம்பதில் அடுப்பு ஞாபகம் வரும். நான் மட்டும்தான் ஒன்றுகூட விடாமல் எண்ணுவேன். சனிக்கிழமை காலையில் இரண்டு பேரும் என் பக்கத்தில் வந்து நிற்பார்கள். எவ்வளவு என்று அப்பா கேட்பார். எண்ணி முடித்திருந்தாலும் உடனே சொல்ல மாட்டேன். கொஞ்சம் காக்க வைத்துத்தான் சொல்வேன். வாரத்தில் அந்த ஒரு நிமிஷம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

தங்கம் வந்தாள். அந்த நிமிஷம் போயிற்று.

தங்கம் என் சித்தியின் மகள். சித்திக்கு இரண்டாவது குழந்தை பிறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அதனால் விடுமுறை முழுக்கத் தங்கம் எங்கள் வீட்டில் இருக்கட்டும் என்று ஏற்பாடு. என்னைவிட மூன்று மாதம் சின்னவள். ஆனால் அக்கா என்று ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. தங்கம் என்பது அவளுடைய பட்டப்பெயர். எனக்கும் வீட்டில் ஒரு பட்டப்பெயர் உண்டு. குண்டூசி. ஒல்லியாக இருப்பதால் என்று அம்மா சொல்வார். குத்துவதால் என்று அப்பா சொல்வார். பெயரிலேயே எவ்வளவு ஓரவஞ்சனை பாருங்கள்.

வந்த முதல் நாளே அவள் போர்வையை மடித்து வைத்தாள். அம்மா அதை மூன்று பேரிடம் சொன்னார், அதில் ஒருவர் பால் லாரி ஓட்டுநர். அவருக்கு எதற்குப் போர்வைக் கதை? பாகற்காயை முகம் சுளிக்காமல் சாப்பிட்டாள். அப்பா என் தட்டைப் பார்த்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

மூன்றாம் நாள் அவள் பொத்தானிடம் போனாள்.

பொத்தான் என் கன்றுக்குட்டி. பழுப்பு நிறம், நெற்றியில் வட்டமாக ஒரு வெள்ளைப் பொட்டு. பிறந்த நாளிலிருந்து அதற்குப் புட்டிப்பால் கொடுப்பது நான்தான். வேறு யாரையும் அது நக்காது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தங்கம் கையை நீட்டியதும் அவள் முழங்கை வரைக்கும் நக்கியது. பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு வயிறு எரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் பொத்தானின் இடது கண் சிவந்தது. இரண்டு நாளில் கண்ணீர் நிற்காமல் வழிந்தது. கருவிழியின் மேல் பால் ஆடை மாதிரி வெள்ளையாக ஒன்று படர்ந்தது. கண்ணைச் சுற்றி எப்போதும் ஏழெட்டு ஈ.

டாக்டரம்மா வந்து பார்த்தார். பொத்தானின் வலது பக்கம் கையை ஆட்டினார், அது கண் சிமிட்டியது. இடது பக்கம் ஆட்டினார், சும்மா நின்றது. களிம்பு கொடுத்து, எப்படிப் போடுவது என்று அம்மாவுக்குக் காட்டினார். பிறகு என்னுடைய அட்டையைக் கேட்டார். தொண்ணூற்று நாலு புள்ளி என்றேன். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"களிம்பு மட்டும் போதாது. கண்ணீரைக் குடிக்கத்தான் ஈ வருது. அது உக்கார்ற வரைக்கும் புண்ணு ஆறாது," என்றார். "மூணு வாரம் கழிச்சு வந்து பாக்கறேன். அதுக்குள்ள ஈ குறையலேன்னா இந்தக் கண்ணு திரும்ப வராதும்மா."

அன்று மதியம் நான் சாப்பிடவில்லை. பாகற்காய் என்பதால் இல்லை, நிஜமாகவே பசிக்கவில்லை.

மறுநாள் தங்கம் ஒரு காலி பிளாஸ்டிக் பாட்டிலோடு வந்து உட்கார்ந்தாள். கழுத்துப் பகுதியைக் கத்தரித்து, அதைத் தலைகீழாகத் திருப்பி பாட்டிலுக்குள்ளேயே புனல் மாதிரி செருகினாள். உள்ளே சர்க்கரைத் தண்ணீரும் அழுகின வாழைப்பழமும் போட்டாள். ஈ மோப்பம் பிடித்துப் புனல் வழியாக உள்ளே போகுமாம். திரும்பி வர வழி தெரியாமல் தண்ணீரில் விழுமாம். அவள் பள்ளிக்கூடத்தில் செய்து காட்டினார்களாம்.

பொத்தான் நிற்கிற இடத்துக்கு நேர் மேலே, உத்தரத்தில் அதைக் கட்டித் தொங்கவிட்டாள். ஒன்றும் விழாது பார் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலையில் பாட்டிலில் பாதி ஈ.

அப்பா அதைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அம்மாவைக் கூப்பிட்டார். பால் லாரி ஓட்டுநரையும் கூப்பிட்டார். அவர் தன் வீட்டுக்கும் ஒன்று செய்து தரச் சொன்னார். ஈக்களை வடிகட்டி ஒரு பழைய டம்ளரில் கொட்டினார் அப்பா. முக்கால் டம்ளர் இருந்தது.

"மூளைக்காரி," என்றார் அப்பா.

நான் பிறந்து பத்து வருஷத்தில் அப்பா என்னை அப்படிச் சொன்னதே இல்லை. சொல்லியிருந்தால் எனக்கு ஞாபகம் இருந்திருக்கும்.

நானும் அன்றே ஒரு பாட்டிலை வெட்டினேன். கொட்டகையின் மறுகோடியில், கன்றுகள் வரிசை முடிகிற இடத்தில், பழைய மரத்தொட்டிக்கு மேலே தொங்கவிட்டேன். அடுத்த நாள் எடுத்துப் பார்த்தால் பதினேழு ஈ. அவளுக்கு ஒரு டம்ளர் நிரம்பியிருந்தது. "பரவாயில்ல, இந்த இடத்துல ஈ கம்மி போல," என்று தங்கம் எனக்கு ஆறுதல் சொன்னாள். திட்டியிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

ஈ கம்மி என்றால் ஈயை வரவழைக்க வேண்டியதுதானே?

அடுத்த நாள் நான் செய்ததை யாரும் பார்க்கவில்லை. தீவன அறையில் புளித்துப்போன தவிடு ஒரு வாளி இருந்தது. குப்பையில் போட்டு வா என்று அம்மா கொடுத்தது. நான் அதைக் குப்பைக்குக் கொண்டுபோகவில்லை. என் பாட்டிலுக்குக் கீழே இருந்த மரத்தொட்டியில் கொட்டி, மேலே கொஞ்சம் ஈர வைக்கோலைப் பரப்பி மறைத்துவிட்டேன். கன்றுகளுக்கு அடியில் இருக்கிற ஈர வைக்கோலைத் தினமும் அள்ளுவதும் என் வேலைதான். என் பக்கத்து மூலையை மட்டும் அள்ளாமல் விட்டேன்.

அன்று சாயங்காலமே ஈக்கள் வந்துவிட்டன.

வியாழன் ஒரு டம்ளர். வெள்ளி ஒன்றே முக்கால். சனிக்கிழமை காலையில் அப்பா என் பாட்டிலை வடிகட்டினார். முதல் டம்ளர் நிரம்பியது, இரண்டாவது நிரம்பியது, மூன்றாவதில் பாதி வந்தது.

"இரண்டரை டம்ளர்," என்று அப்பா தூணில் சாக்கட்டியால் எழுதினார். "குண்டூசி பெரிய ஆளாயிட்டா."

தங்கத்தின் முகம் விழுந்துவிட்டது. அவளுக்கு அன்று ஒன்றேகால்தான். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அன்று பாகற்காயைக்கூட இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

சாப்பிட்டு முடித்த பிறகுதான் அட்டை ஞாபகம் வந்தது. சனிக்கிழமை காலையில் நானே அட்டையை மறந்தது அதுவே முதல் தடவை. எடுத்து வந்து கட்டம் போட்டு எண்ணினேன். நம்ப முடியாமல் மறுபடி எண்ணினேன். இருநூற்று முப்பத்தொன்று.

அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் அட்டையைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. ஒரு வாரத்தில் இத்தனை டம்ளர் பிடித்திருக்கிறோம், இனிமேல் ஈ எங்கிருந்து வரும், நீ தப்பாக எண்ணியிருப்பாய் என்றார்.

தப்பாக எண்ணினேனாம். நானா?

கோபத்தோடு பொத்தானிடம் போனேன். பால் புட்டியை இடது பக்கமாக நீட்டினேன். அது திரும்பவில்லை. புட்டி அதன் கன்னத்தைத் தொட்ட பிறகுதான் திடுக்கிட்டுத் தலையை ஆட்டியது. ஆட்டின வேகத்தில் தூணில் இடித்துக்கொண்டது. கண்ணைச் சுற்றி இருந்த ஈக்களை எண்ணினேன். பழக்கம் விடாது. இருபத்திரண்டு.

எனக்கு ஒன்று புரியவில்லை. தினமும் டம்ளர் டம்ளராக ஈ சாகிறது. ஆனால் பொத்தானின் கண்ணில் போன வாரத்தைவிட அதிகமாக உட்கார்ந்திருக்கிறது. இவை எங்கிருந்து வருகின்றன?

அப்பா கேட்க மாட்டார். அட்டை பொய் சொல்லாது. புதிதாக மூன்று அட்டை எடுத்தேன். ஒன்றைத் தங்கத்தின் பாட்டிலுக்குப் பக்கத்தில் மாட்டினேன். இன்னொன்றை என் பாட்டிலுக்குப் பக்கத்தில். மூன்றாவதைப் பாட்டிலே இல்லாத தீவன அறையில். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டி, செவ்வாய்க்கிழமை காலையில் எடுத்தேன்.

தீவன அறையில் இரண்டு நாளில் ஆறு புள்ளிதான்.

தங்கத்தின் பாட்டிலுக்குப் பக்கத்தில் எண்பத்தெட்டு.

அப்போதுதான் கொட்டகை வாசலில் போய் நின்று பார்த்தேன். வெளியே சாணக் குவியலில் இருக்கிற ஈக்கள் வாழைப்பழ வாசனைக்கு நேராக உள்ளே வந்தன. பாட்டிலைச் சுற்றிச் சுற்றிப் பறந்தன. பத்து வந்தால் மூன்று உள்ளே போய் விழுந்தன. மீதி ஏழும் எங்கே போகும்? கீழே பொத்தான் நிற்கிறதே, கண்ணீர் வழிய வழிய. அங்கே போய் உட்கார்ந்தன. ஈயை விருந்துக்குக் கூப்பிட்டு, மீதிப் பேரைக் கன்றுக்குட்டியின் கண்ணில் உட்கார வைத்திருக்கிறோம்.

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். தங்கத்தின் பாட்டில்தான் காரணம். மூளைக்காரி மாட்டிக்கொண்டாள். இந்த அட்டையைக் கொண்டுபோய் அப்பா முகத்துக்கு நேரே நீட்ட வேண்டும்.

பிறகு என் அட்டையை எண்ணினேன். நூற்று நாற்பத்து மூன்று.

மரத்தொட்டியில் பரப்பியிருந்த வைக்கோலை மெல்ல விலக்கிப் பார்த்தேன். தவிடு அசைந்தது. முழுக்கப் புழு. வெள்ளை வெள்ளையாக, சமைக்காத அரிசி எழுந்து நடப்பது போல நெளிந்தது. ஈயின் குட்டிகள் அவை. இன்னும் நாலைந்து நாள் விட்டிருந்தால் அத்தனையும் ஈயாகப் பறந்திருக்கும். தங்கம் ஈக்களை உள்ளே கூப்பிட்டாள். நான் அவற்றுக்குப் பிரசவ ஆஸ்பத்திரியே கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

என் அட்டையை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டேன். அவளுடைய அட்டையை மட்டும் கையில் வைத்துக்கொண்டேன். யாருக்கும் தெரியப்போவதில்லை. தவிட்டை அள்ளிக் கொட்டிவிட்டு, பழியை அவள் தலையில் போட்டுவிட்டால் போதும்.

அம்மாவைத் தேடிக்கொண்டு கன்றுகள் பக்கமாகப் போனேன். அம்மா அங்கே இல்லை. தங்கம்தான் இருந்தாள். பொத்தானின் இடது பக்கம் முட்டி போட்டு உட்கார்ந்து, ஒரு துண்டால் அதன் கண்ணுக்கு விசிறிக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரமாக விசிறுகிறாள் போல. ஒரு கை வலித்து மறு கைக்கு மாற்றினாள். என்னைப் பார்த்ததும் அவசரமாக மூக்கைத் துடைத்தாள்.

"போன வாரம் இந்தப் பக்கம் வந்தா லேசாத் திரும்பிச்சு," என்றாள். "இன்னிக்குத் திரும்பவே இல்ல. நான் எவ்வளவு நேரம் விசிறினாலும் வருது. இதுக்குக் கண்ணு போயிடுமா?"

ஒரு கையில் அவள் அட்டை. பையில் என் அட்டை. பொத்தான் தெரியாத கண்ணால் என் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது.

இரண்டு அட்டையையும் அவள் மடியில் போட்டேன். பாட்டிலை உள்ளே தொங்கவிட்டதுதான் தப்பு என்று சொன்னேன். வாசலில் நான் பார்த்ததையும் சொன்னேன். அவள் முகம் வெளுத்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் மீதியையும் சொல்லிவிட்டேன்.

"என் பாட்டில் இன்னும் மோசம். கீழ நான் புளிச்ச தவிடு கொட்டி வெச்சிருக்கேன். உன்ன ஜெயிக்கணும்னு. அதுல இப்ப ஒரே புழு."

தங்கம் என்னையே பார்த்தாள். கத்தப்போகிறாள், இல்லை அம்மாவைக் கூப்பிடப்போகிறாள் என்று நினைத்தேன். இரண்டும் செய்யவில்லை. எழுந்து என் கையைப் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ஒரு சாக்கு கிடந்தது. அதைத் தூக்கினாள். வாழைப்பழத் தோல், மீன் தலை, மீன் செதில். எல்லாமே நெளிந்தது.

"நீ இரண்டரை டம்ளர் எடுத்த அன்னிக்கு வெச்சேன்," என்றாள் தலையைக் குனிந்துகொண்டு. "என்னால தாங்க முடியல."

ஏமாற்றுக்காரி என்று சொல்லக் கோபமாக வாயைத் திறந்தேன். அப்படியே மூடிக்கொண்டேன். அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

"உனக்கு எதுக்குடி பொறாமை?" என்று கேட்டேன். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டேன். "எல்லாரும் உன்னத்தான தூக்கி வெச்சு ஆடறாங்க."

"எங்க வீட்ல வந்து பாரு. பாப்பா தும்மினாக்கூடக் கை தட்டறாங்க. நான் கணக்குல முதல் மார்க் வாங்கிட்டு வந்தா, சத்தம் போடாத, பாப்பா முழிச்சுக்கும்னு சொல்றாங்க," என்றாள் தங்கம். "இங்க வந்தாதான் என்னப் பாக்கறாங்க. அப்புறம் நீ அட்டையை எண்றப்போ பெரியப்பாவும் பெரியம்மாவும் மூச்சு விடாம நிக்கறாங்களே. வந்த முதல் சனிக்கிழமை பாத்தேன். எனக்காக யாரும் அப்படி நின்னதே இல்ல."

என்னைப் பார்த்து ஒருத்திக்குப் பொறாமை. கேட்கக் கொஞ்சம் இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் மீன் தலை நாற்றத்தில் அதை ரொம்ப நேரம் அனுபவிக்க முடியவில்லை.

பெரியவர்களிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். இரண்டு பேரும் அடுப்படி வாசல் வரைக்கும் போனோம். அங்கே தங்கம் என் பின்னால் ஒதுங்கினாள்.

"அக்கா, நீ முதல்ல சொல்லு," என்றாள்.

அக்கா என்று கூப்பிட எந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தாள் பாருங்கள்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டார். மூன்று நாளாகக் கொட்டகையில் என்ன நாற்றம் என்று தேடித் தேடி மண்டை காய்ந்ததாகச் சொன்னார். அதற்கு மேல் எங்களுக்குக் கிடைத்த திட்டை இங்கே எழுதப்போவதில்லை. அப்பா மூன்று அட்டைகளையும் வாங்கி, இந்தத் தடவை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கொட்டகைக்குப் போய், தூணில் தான் எழுதிய டம்ளர் கணக்கைத் துடைப்பத்தால் அழித்தார்.

"நீ சரியாத்தான் எண்ணியிருக்க. நான்தான் காது குடுக்கல," என்றார்.

மூளைக்காரி என்பதைவிட எனக்கு இது பிடித்திருந்தது.

அன்று முழுக்க வேலை. அம்மா எங்கள் இரண்டு பேர் கையிலும் ஆளுக்கொரு மண்வெட்டி கொடுத்தார். அப்பா கையிலும் ஒன்று கொடுத்தார். ஈயை டம்ளரில் அளந்து போட்டி வைத்தது யார் என்று அவரையே கேட்டார். புழு பிடித்த தவிட்டையும் சாக்குக்கடியில் இருந்ததையும் வெளியே அள்ளி, வெயிலில் மெல்லிசாகப் பரப்பினோம். கோழிகள் ஓடி வந்து ஒரு புழு விடாமல் தின்றன. கன்றுகளுக்கு அடியில் இருந்த ஈர வைக்கோல் எல்லாவற்றையும் வாரிவிட்டுக் காய்ந்ததைப் போட்டோம். தண்ணீர்த் தொட்டியின் குழாய் எப்போதும் சொட்டிக்கொண்டே இருக்கும், அதனால் அந்த மூலை காய்ந்ததே இல்லை. அப்பா அதற்கு ஒரு வழியாக வாஷர் மாற்றினார். சாணக் குவியலைத் தார்ப்பாய் போட்டு மூடி, ஓரத்தில் கல் வைத்தோம்.

பாட்டில்களைத் தூக்கிப் போடலாம் என்றார் அம்மா. வேண்டாம் என்றேன் நான். கொட்டகையிலிருந்து நாற்பது அடி தள்ளி, சாணக் குவியலுக்கும் அந்தப் பக்கம் இருந்த கம்பத்தில் இரண்டையும் கட்டினோம். விருந்து வேண்டுமென்றால் ஈக்கள் அங்கே போய்ச் சாப்பிடட்டும்.

அப்பாவின் அறையிலிருந்த மின்விசிறியைக் கழற்றி வந்து பொத்தான் பக்கம் வைத்தோம். காற்று அடித்தால் ஈயால் உட்கார முடியாது. பத்து நாள் வியர்க்கட்டும், பரவாயில்லை என்று அப்பா ஒப்புக்கொண்டார். தங்கம் பழைய துண்டு ஒன்றின் ஓரத்தை நாடா நாடாவாகக் கிழித்து, பொத்தானின் நெற்றியில் கட்டினாள். அது தலையை ஆட்டும்போதெல்லாம் நாடாக்கள் கண்ணுக்கு முன்னால் ஆடி ஈயை விரட்டின. நல்ல யோசனை. எனக்கு ஏன் அது தோன்றவில்லை என்று கொஞ்ச நேரம் கடுப்பாக இருந்தது. கொஞ்ச நேரம்தான்.

தினமும் காலையில் பள்ளிக்கூடம் போகிற மாதிரி நேரம் தவறாமல் வைக்கோல் அள்ளினோம். அம்மா மூன்று வேளையும் களிம்பு போட்டார். நான் பிடிப்பேன், தங்கம் பொத்தானிடம் பேச்சுக் கொடுப்பாள். கண்ணிலிருந்து வழிந்த தண்ணீர் நாலாம் நாள் குறைந்தது. ஏழாம் நாள் நின்றது. ஆனால் இடது பக்கம் போய் நின்றால் அது திரும்பியதா இல்லையா என்று எங்களுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. வாசனை பிடித்துத் திரும்பியிருக்கலாம் என்றாள் தங்கம். அதற்குப் பிறகு நான் சோதித்துப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். பயமாக இருந்தது.

மூன்றாவது சனிக்கிழமை வந்தது. டாக்டரம்மா பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

நான் தூணிலிருந்து அட்டையை எடுத்தேன். அம்மாவும் அப்பாவும் பக்கத்தில் வந்து நின்றார்கள். தங்கம் கொஞ்சம் தள்ளி, பொத்தானின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பென்சிலை எடுத்தேன். நடுவில் ஒரு கோடு போட்டேன். கத்தரிக்கோலால் அட்டையை இரண்டாக வெட்டினேன். எனக்கே கொஞ்சம் வலித்தது.

"இந்தா, பாதி நீ எண்ணு," என்றேன். "எண்றப்போ நடுவுல தும்மாத. விட்டுப்போச்சுன்னா முதல்லேர்ந்து எண்ணணும்."

அவள் பாதி அட்டையை வாங்கிக்கொண்டாள். இரண்டு பேரும் எண்ணினோம். அம்மாவும் அப்பாவும் மூச்சு விடாமல் நின்றார்கள். எண்ணி முடித்தும் தங்கம் உடனே சொல்லவில்லை. கொஞ்சம் காக்க வைத்தாள். யாரிடம் கற்றுக்கொண்டாள் என்று தெரியவில்லை.

"பத்தொன்பது," என்றாள்.

எனக்கு இருபத்து மூன்று. மொத்தம் நாற்பத்திரண்டு. அப்பா அம்மாவின் கையிலிருந்த வாளியை வாங்கிக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். எங்கள் கொட்டகையில் இவ்வளவு குறைவாக வந்ததே இல்லை.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இந்தக் கணக்கில் குறைவாக வைத்திருப்பவர்தான் ஜெயித்தவர். பத்தொன்பது அவளுடையது.

"காட்டு, நீ சரியா எண்ணியிருக்க மாட்ட," என்றேன்.

"உன்னோடத நீ காட்டு," என்றாள் அவள்.

நான் அவள் பாதியைப் பிடுங்கினேன். அவள் என் பாதியைப் பிடுங்கினாள். டாக்டரம்மா பையோடு வாசலில் வந்து நின்றதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. என் கையிலிருந்த அவள் பாதியை அவளுக்கு எட்டாமல் ஒரு பக்கமாகத் தூக்கிப் பிடித்தேன்.

யாரோ அதை என் கையிலிருந்து வெடுக்கென்று இழுத்தார்கள்.

திரும்பிப் பார்த்தேன். பொத்தான். கழுத்தை நீட்டி, அட்டையைக் கவ்வி, சாவகாசமாக மென்றுகொண்டிருந்தது. நான் அட்டையை நீட்டியிருந்தது அதன் இடது பக்கம். அட்டை அதன் மேல் படவில்லை. வாசனை அந்தப் பக்கம் போகவும் இல்லை, மின்விசிறிக் காற்று எதிர்ப்பக்கம் அடித்துக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா பையைக் கீழே வைத்தார். பொத்தானின் இடது கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டினார். அது கண்ணைச் சிமிட்டியது. மறுபடி ஆட்டினார். மறுபடியும் சிமிட்டியது. மெல்லுவதை மட்டும் நிறுத்தவில்லை.

"இதுக்கு மேல நான் சோதிக்க என்ன இருக்கு," என்றார். "ஆமா, எத்தன புள்ளி வந்துச்சு?"

தங்கம் என்னைப் பார்த்தாள். நான் பொத்தானின் வாயைப் பார்த்தேன். அட்டையின் கடைசி மூலை உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"பாதிக்கு இருபத்து மூணு," என்றேன். "இன்னொரு பாதி பத்தொன்பதுன்னு இவ சொல்றா. நம்பித்தான் ஆகணும்."